பச்சிளம் குழந்தையின் நெற்றியில் ஒட்டும் நிர்ஸ் சென்சார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஐசியூ, அதாவது பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கேட்பவை, புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ்களும் பயிற்சி டாக்டர்களும் கேட்பவை என்று இரண்டும் கலந்தே இருக்கின்றன. உங்களுக்குத் தேவையில்லாததைத் தாண்டிப் போகலாம்.

குழந்தையின் நெற்றியில் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறதே, அது என்ன?

மூளைக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் போதுமா என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சார் அது. ஊசி கிடையாது, ரத்தமும் எடுப்பதில்லை. பட்டையின் ஒரு பக்கத்தில் ஒளி விடும் சின்ன எல்இடி, அங்கிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி அந்த ஒளியைத் திரும்ப வாங்கும் டிடெக்டர், பிறகு ஒரு ஒயர், அது போய்ச் சேரும் மானிட்டர், அதில் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும் ஓர் எண். அவ்வளவுதான். முழுப்பெயர் அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல். வார்டில் எல்லாரும் நிர்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

காலில் கட்டியிருக்கும் கருவி 94 காட்டுகிறது, நெற்றியில் இருப்பது 70 காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. இந்த 70-ஐப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத பெற்றோர் நிறைய பேர் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

காலில் இருப்பது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். துடிக்கிற ரத்தத்தை, அதாவது தமனியில் வரும் ரத்தத்தை மட்டும் பிரித்து எடுத்து, அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். நெற்றியில் இருப்பது துடிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. தனக்குக் கீழே உள்ள மூளைத் திசுவில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும். அந்த ரத்தத்தில் பெரும்பங்கு சிரை ரத்தம், அதாவது மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பிப் போகிற ரத்தம். சில கருவிகள் சிரை 75, தமனி 25 என்ற பங்கில் கணக்குப் போடுகின்றன, சில 70-க்கு 30 என்று. மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சொல்வது, வயலுக்குப் பாய்ந்தது போக வடிகாலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது நிர்ஸ் சொல்வது. மிச்சம் குறைந்தால் திறந்துவிட்டது குறைந்திருக்கலாம், வழியில் எங்காவது ஒழுகியிருக்கலாம், அல்லது வயல் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்திருக்கலாம். எது என்று அந்த எண் தானாகச் சொல்லாது.

இரண்டு எண்களையும் சேர்த்து வைத்து இன்னொரு கணக்கும் போடுவார்கள். 94-லிருந்து 70-ஐக் கழித்தால் 24, அதை 94-ஆல் வகுத்தால் சுமார் 0.25. வந்த ஆக்ஸிஜனில் கால் பங்கை மூளை எடுத்துக்கொண்டது என்று பொருள். அது சாதாரணமான நிலைதான். 0.4, 0.5 என்று ஏறிக்கொண்டே போனால், வருவது போதாமல் மூளை சுரண்டி எடுக்கிறது என்று கவலைப்பட வேண்டும்.

வெறும் வெளிச்சம் எப்படி மண்டை ஓட்டைத் தாண்டும்?

இருட்டில் மொபைல் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், விரலோரம் எல்லாம் சிவப்பாக ஒளிரும். நீலமும் பச்சையும் உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும், சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வரும். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத 700 முதல் 1000 நானோமீட்டர் வரையான அலைநீளத்தில் உள்ள ஒளி இன்னும் ஆழமாகப் போகும். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபினும் இந்த ஒளியை வேறு வேறு அளவில் உறிஞ்சுகின்றன, 800 நானோமீட்டரை ஒட்டிய இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே அளவில் உறிஞ்சும். ஆகவே குறைந்தது இரண்டு அலைநீளங்களில் ஒளியை விட்டு, எது எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும்.

பல சென்சார்களில் டிடெக்டர் இரண்டு இருக்கும். பக்கத்தில் இருப்பதற்கு வருவது பெரும்பாலும் தோலையும் எலும்பையும் மட்டும் சுற்றிவிட்டு வந்த ஒளி, தள்ளி இருப்பதற்கு வருவது மூளையின் மேற்பகுதி வரை போய் வந்த ஒளி. முன்னதைப் பின்னதிலிருந்து கழிப்பார்கள். பெரியவர்களின் தடித்த மண்டையில் இந்த வேலை சிரமம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு எலும்பு மெல்லியது, முடியும் குறைவு, ஒளி நன்றாகவே உள்ளே போய்விடுகிறது.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். சாப்பாட்டுக்கு வந்த மாட்டிறைச்சியில் இருந்த தட்டை எலும்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது சிவப்பு ஒளி ஊடுருவி வருவதைக் கவனித்தார் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1977-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 1985-ல் டியூக்கிலேயே குறைமாதக் குழந்தைகளிடம் முயன்று பார்த்ததை வெளியிட்டார்கள், அடுத்த வருடம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு நோயுற்ற பச்சிளம் குழந்தைகளின் மூளையில் ஆக்ஸிஜன் நிலவரத்தை இதைக் கொண்டு அளவிட்டு லான்செட்டில் எழுதியது. அதாவது படுக்கையோரத்தில் இந்தத் தொழில்நுட்பம் முதலில் கால்பதித்த இடங்களில் ஒன்று பச்சிளம் குழந்தைகள் வார்டு.

இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சா? மூளைக்குக் கெடுதல் வருமா?

இல்லை. எக்ஸ்ரேயோடு இதற்குச் சம்பந்தமே கிடையாது. ஒளியின் அளவும் மிகக் குறைவு.

கவலைப்பட வேண்டியது தோலைப் பற்றித்தான். 25, 26 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரக் காகிதத்தைவிட மோசமாகப் பிய்ந்து வரும். பசையோடு அப்படியே ஒட்டி, கழற்றும்போது இழுத்தால் புண்தான். அதனால் அடியில் மெல்லிய பாதுகாப்புப் படலம் வைத்து ஒட்டுவார்கள், அல்லது ஒட்டாமல் மென்மையான துணிப்பட்டையால் கட்டுவார்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். இறுக்கிக் கட்டினாலும் தப்பு, அழுத்தத்தில் ரத்தம் ஒதுங்கி எண்ணே மாறிவிடும். குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு இந்தப் பட்டை தடையில்லை, ஒயரைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதும்.

சரியான எண் எவ்வளவு?

குறைமாதக் குழந்தைகளுக்கு 55-லிருந்து 85 வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. ஆனால் இந்தக் கணக்கு பெரியவர்களுக்கான சென்சாரை வைத்து வந்தது. குழந்தைகளுக்கான சென்சார்கள் பலவும் அதே மூளையில் பத்து புள்ளிவரை கூடுதலாகக் காட்டும், ஆகவே அங்கே கீழ் எல்லை 60-ஐத் தாண்டிவிடுகிறது. இன்வோஸ், ஃபோர்சைட், நிரோ என்று ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் ஒவ்வொரு கணக்குமுறை. ஒரு ஆஸ்பத்திரியில் 72, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியதும் 64 என்றால் ஆம்புலன்ஸில் ஏதோ நடந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் கருவி எது, சென்சார் எது என்று கேளுங்கள்.

பிறந்த உடனே பார்த்தால் இந்த எல்லையும் பொருந்தாது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரக் குழு அளந்த அளவுகளின்படி, நன்றாக இருக்கும் குழந்தைக்கும் இரண்டாவது நிமிடத்தில் 40 சொச்சம்தான் இருக்கும், பத்தாவது நிமிடத்துக்குள் 75-ஐத் தாண்டும். வயிற்றுக்குள் இருந்து வெளியே வந்து மூச்சு பிடிக்கிற நேரம் அது.

ஒரே இடத்தில் சென்சாரை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினாலே ஐந்தாறு புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். அதனால்தான் தனியாக ஓர் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை. காலையில் 74, மத்தியானம் 70, சாயங்காலம் 61 என்று இறங்கும் கோடுதான் பேசும்.

எண் இறங்கினால் டாக்டர் என்ன செய்வார்?

நல்ல டாக்டராக இருந்தால் ஆக்ஸிஜனைத் திருகுவதற்கு முன்னால் சென்சார் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் குழந்தையைப் பார்ப்பார். தலை ஒரு பக்கம் மடங்கிக் கழுத்துச் சிரை அழுந்தியிருந்தால் நேராக்கினாலே எண் ஏறிவிடும்.

அடுத்து காலில் உள்ள எண். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் பிரச்சினை நுரையீரல் பக்கம், மூச்சுக்குழாய், வென்டிலேட்டர் என்று தேடலாம். காலில் 94 அப்படியே நிற்க, நெற்றியில் மட்டும் இறங்குகிறது என்றால்தான் இந்தக் கருவி தன் காசுக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் வேறு எந்த மானிட்டரும் அப்போது கத்தாமல் இருக்கலாம். பலரும் மறந்துவிடும் காரணம் கார்பன் டை ஆக்ஸைடு. வென்டிலேட்டர் தேவைக்கு மேல் காற்றை அடித்தால் ரத்தத்தில் அது குறையும், குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சுருங்கினால் ரத்தம் போவது குறையும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். ஒரு ரத்த வாயு பரிசோதனை செய்து வென்டிலேட்டரைத் தணித்தால் அரை மணிக்குள் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

ரத்த அழுத்தம் குறைவாக இருக்கலாம். ஆனால் அழுத்தம் குறைந்தும் நிர்ஸ் எண் அசையாமல் நின்றால், மூளை தன் குழாய்களை விரித்துச் சமாளித்துக்கொள்கிறது என்று அர்த்தம், அப்போது அவசரப்பட்டு மருந்து ஏற்றாமல் காத்திருக்க ஒரு தைரியம் கிடைக்கும். அழுத்தம் ஏற ஏற இதுவும் ஏறி, அது இறங்க இறங்க இதுவும் இறங்கினால் அந்தச் சமாளிப்புத் திறன் போய்விட்டது, அது நல்ல சகுனம் இல்லை. ரத்தசோகை இன்னொரு காரணம், ரத்தம் ஏற்றியதும் எண் கண்ணெதிரே கூடும்.

பிறகு அந்த டக்டஸ். கருவில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தை ஒட்டிய இந்த ரத்தக்குழாய் குறைமாதக் குழந்தைகளிடம் திறந்தே இருந்துவிட்டால், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்பிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் குழு 2008-ல் காட்டியது இதைத்தான்: குழாய் பெரிதாகத் திறந்திருந்த குழந்தைகளுக்கு மூளை எண் குறைவாக இருந்தது, மருந்து கொடுத்து மூடியதும் மற்றக் குழந்தைகளின் அளவுக்கு வந்தது.

ஏறினால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் அதிகமாகப் போவதும் ஆபத்து, விழித்திரை பாதிக்கப்படும். இன்னொரு நிலைமை இதைவிடக் கடுமையானது. பிரசவத்தின்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைக்கு, முதல் நாள் கடந்த பிறகு எண் 85, 90 என்று ஏறி அங்கேயே நின்றால், ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும் சக்தியே செல்களுக்குக் குறைந்துவிட்டது என்று அது காட்டக்கூடும். உட்ரெக்ட் டாக்டர்கள் 2006-லேயே இதை எழுதினார்கள். பெற்றோருக்கு இதைச் சொல்வது மிகவும் கஷ்டமான வேலை, திரையில் 92 என்று பார்த்துவிட்டு அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனாலும் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூளை அலைப் பதிவும் எம்ஆர்ஐயும் குழந்தையின் அசைவும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

இந்தக் குழந்தைகளுக்கு உடலை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சை பல நாடுகளில் வழக்கம். நம் பக்கத்துக் கதை வேறு: இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் நடந்து 2021-ல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது. ஓர் இடத்தில் நல்லது என்று நிரூபணமானது எல்லா இடத்திலும் நல்லது ஆகிவிடாது.

வயிற்றிலும் முதுகிலும் ஒட்டியிருக்கிறார்களே, அங்கே ஏது மூளை?

முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே ஒட்டுவது சிறுநீரகத்துக்கு. முதல் சில நாட்களில் அங்கே எண் மூளையைவிட 5 முதல் 15 புள்ளி கூடுதலாக இருப்பது வழக்கம். உடம்புக்கு நெருக்கடி வந்தால் மூளையைக் காப்பாற்றச் சிறுநீரகத்தையும் குடலையும்தான் முதலில் பட்டினி போடும், ஆகவே முதுகு எண் மூளை எண்ணுக்குக் கீழே போனால் உஷாராக வேண்டும். இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைகளுக்கு நெற்றி, முதுகு இரண்டிலும் ஒட்டிப் பார்ப்பது அதனால்தான், இதயம் தள்ளும் ரத்தம் குறைவதை ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பிடித்துவிட முடியும்.

வயிற்று எண் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குடல் அழுகல் நோயை முன்கூட்டியே பிடிக்கலாம் என்று நிறைய ஆசைப்பட்டார்கள். ஆனால் குடல் அசையும், வாயு இருக்கும், பிறந்த குழந்தையின் கரும்பச்சை மலம் அதே ஒளியை உறிஞ்சும். எண் கண்டபடி ஆடும்.

நேராகக் கேட்கிறேன். இதனால் குழந்தைகள் பிழைக்கிறார்களா?

இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை.

கோபன்ஹேகனில் கோர்ம் கிரெய்சன் தலைமையில் தொடங்கிய சேஃப்பூஸ்க் ஆய்வுகள்தான் இதில் முக்கியமானவை. இரண்டாம் கட்டம் 2015-ல் வெளியானது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 166 குழந்தைகள், பாதிப் பேருக்கு எண் டாக்டர் கண்ணுக்குத் தெரியும், எல்லை தாண்டினால் என்ன செய்வது என்ற வழிகாட்டியும் உண்டு, மீதிப் பேருக்கு எண் மறைக்கப்பட்டிருந்தது. மூளை எல்லைக்கு வெளியே இருந்த சுமை, அதாவது எத்தனை புள்ளி, எத்தனை மணி நேரம் என்று பெருக்கி வரும் கணக்கு, எண் மறைக்கப்பட்ட குழுவில் 81.3, எண் தெரிந்த குழுவில் 36.1. பாதிக்கும் கீழே! எல்லாரும் குதித்தார்கள். அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வு, அதனால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

எனவே மூன்றாம் கட்டம். 17 நாடுகள், 70 மருத்துவமனைகள், 1601 குழந்தைகள், பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஒட்டி 72 மணி நேரம் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது: இறந்தவர்கள் அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு அடைந்தவர்கள், நிர்ஸ் வைத்த குழுவில் 35.2 சதவீதம், வைக்காத குழுவில் 34.0 சதவீதம். வித்தியாசம் இல்லை. அதே வருடம் கிராஸ் குழுவினர் பிறந்த முதல் 15 நிமிடங்களுக்கு மட்டும் வைத்துப் பார்த்த காஸ்காட் ஆய்வும் வந்தது, 607 குழந்தைகள். மூளைப் பாதிப்பு இல்லாமல் பிழைத்தவர்கள், நிர்ஸ் எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்த குழுவில் 82.9 சதவீதம், மற்றக் குழுவில் 78.5 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் சொன்னது.

பிறகு எதற்கு இன்னும் பயன்படுத்துகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். என் கருத்து இது: மானிட்டர் யாரையும் குணப்படுத்தாது, அதைப் பார்த்துச் செய்யும் சிகிச்சைதான் குணப்படுத்தும். எண் இறங்கியதும் நாம் கொடுக்கும் ரத்த அழுத்த மருந்தும் திரவமும் குறைமாத மூளைக்கு நிஜமாகவே நல்லதா என்பதே இன்னும் வாதத்தில் இருக்கிறது. தவிர, குறைமாதக் குழந்தைகளின் மூளை ரத்தக்கசிவில் கணிசமான பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, சில குழந்தைகளுக்குச் சென்சார் ஒட்டும் முன்பேகூட. அப்புறம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வைப்பதும், டக்டஸ் திறந்திருக்கும் குழந்தைக்கு, இதய நோயுள்ள குழந்தைக்கு, வென்டிலேட்டரில் தத்தளிக்கும் குழந்தைக்கு என்று ஒரு கேள்வியோடு வைப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வு சொல்லிவிட்டது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு நான் இன்னும் வைப்பேன்.

எண் எப்போதெல்லாம் ஏமாற்றும்?

அடர்ந்த முடிக்கு மேல் ஒட்டினால். தலையில் பிரசவ வீக்கமோ தோலுக்கடியில் ரத்தக்கட்டோ இருந்தால், ஏனென்றால் சென்சார் மூளையை விட்டுவிட்டு அந்தத் தேங்கிய ரத்தத்தை அளந்துகொண்டிருக்கும். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல லைட் ஓரமாகப் புகுந்தால், அதனால் மேலே மூடி வைக்க வேண்டும். பெரியவர்களிடம் செய்த சில ஆய்வுகளில், கருமையான தோலில் சில கருவிகள் சற்றுக் குறைத்துக் காட்டியிருக்கின்றன, நம் ஊரில் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், இது நெற்றிக்குப் பின்னால் உள்ள சின்னப் பகுதியை மட்டுமே பார்க்கிறது. மூளையின் நடுவில் ரத்தம் கசிந்தாலும் இங்கே எண் அழகாக 72 என்று நிற்கலாம். தலை ஸ்கேனுக்கு இது மாற்று கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தக் கருவி இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?

இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். நிலைப்படாத குறைமாதக் குழந்தையை வண்டியில் ஏற்றி இறக்குவதே ஓர் ஆபத்து. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி, உடம்புச் சூடு குறையாமல் பார்ப்பது, தாய்ப்பால், கைகழுவல், கங்காரு பராமரிப்பு, ஆக்ஸிஜனை அளந்து கொடுப்பது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் போதுமான நர்ஸ்கள் என்று இவை எல்லாம் சரியாக இருக்கும் அரசு மருத்துவமனைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவு, நிர்ஸ் வைத்துக்கொண்டு இவற்றில் கோட்டை விடும் இடத்தைவிட எவ்வளவோ மேல். சென்சார்கள் பெரும்பாலும் ஒரு குழந்தைக்கு ஒன்று என்று தூக்கிப் போடுபவை, விலையும் அதிகம். பில்லில் அது இருந்தால் எதற்காக வைத்தீர்கள், அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதய நோய்க்காகவோ ஆபரேஷனுக்காகவோ பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் அது வேறு, அங்கே இந்தக் கருவியும் கூடவே இருக்கும்.

நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

குழந்தையைப் பாருங்கள். டயப்பர் மாற்றும்போது, சளி உறிஞ்சும்போது, அழும்போது எண் ஆடும், திரும்பி வரும். இறங்கிய எண் திரும்பாமல் நின்றாலோ அலாரம் விடாமல் அடித்தாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது "நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறது, காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் கிடைக்கும், "70 நல்லதா" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடிந்துவிடும்.

எப்போது எடுப்பார்கள்?

குறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக முதல் மூன்று நாள் தாண்டி, மூச்சும் ரத்த ஓட்டமும் நிலைப்பட்ட பிறகு. குளிர்விப்புச் சிகிச்சை என்றால் உடம்பு மறுபடி சூடேறி முடியும் வரை வைத்திருப்பார்கள். இதய ஆபரேஷன் என்றால் மருந்துகள் குறைக்கப்பட்டு, வென்டிலேட்டரை எடுத்து, அதற்குப் பிறகும் எண் தளராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுவார்கள். கழற்றியதும் நெற்றியில் லேசான சிவப்புத் தடம் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.